நிலம் அவரவருக்கு... விதை எல்லோருக்கும்! கொல்லிமலை சொல்லும் கூட்டுக் கணக்கு

ஊரில் ஒருவர் மட்டும் தினை விதைத்தால் என்ன ஆகும்? சுற்றுவட்டாரக் குருவிகள் மொத்தமும் அந்த ஒரு காட்டில்தான் இறங்கும். பக்கத்துக் காடுகளில் எல்லாம் மரவள்ளி நின்றால் குருவிக்கு அங்கே என்ன வேலை? காவல் காத்துக் களைத்தவர், அடுத்த வருஷம் தானும் மரவள்ளிக் குச்சி ஊன்றிவிடுவார்.

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ஊர்ப் பகுதிகளுக்கு 'நாடு' என்றுதான் பெயர். அரியூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு என நீளும் இந்தப் பழங்குடி மலையில் சாமை, தினை, கேழ்வரகு சாகுபடி சுருங்கிக்கொண்டே வந்தது. மரவள்ளிக்குக் கீழே சேகோ ஆலைகள் காசு தந்தன என்பது ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை. சாமையை உரலில் இடித்து அரிசியாக்கும் வேலை முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. கை வலிக்கிற பயிரை எந்த வீட்டில் விரும்புவார்கள்?

1990களில் இங்கே வேலையைத் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், யாருடைய நிலத்தையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. விதையைத்தான் பொதுவாக்கியது. மூங்கிலால் பின்னி மெழுகிய 'தொம்பை' என்ற குதிரில் தானியம் சேமிப்பது மலையின் பழைய வழக்கம். அதே வழியில் ஊர் விதை வங்கிகள் உருவாயின. விதைப்புக்கு வாங்கிப்போகும் விதையை, அறுவடை முடிந்ததும் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். வட்டியும் விதைதான்! பிறகு உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றைச் சுயஉதவிக் குழுக்கள் பொறுப்பேற்று நடத்தின. உரல் வேலை குறைந்தது. சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் சேர்ந்து விற்கிற பொருளாயின. என்னைக் கேட்டால், விதையைவிட அந்த இயந்திரம்தான் பெரிய திருப்பம்.

சமவெளி விவசாயிகளுக்கும் வழி இருக்கிறது. தமிழக அரசு 2017-18ல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில், 100 சிறு, குறு விவசாயிகள் சேர்ந்த ஒரு குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. பட்டா அவரவர் பெயரிலேயே இருக்கும். இடுபொருள் வாங்குவதும், இயந்திரம் வைத்துக்கொள்வதும், விற்பதும் மட்டும் கூட்டு.

உங்கள் ஊரில் பொதுக் கிணறோ விதையோ இயந்திரமோ எதைப் பங்கிட்டாலும், முதல் கூட்டத்திலேயே சிலவற்றை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சாவி யாரிடம், முறை எந்த நாள், பழுதானால் செலவு யாருக்கு எவ்வளவு, மழை பொய்த்து விதையைத் திருப்பித் தர முடியாதவருக்கு எத்தனை போகம் தவணை? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். விளையாத வருஷத்தில்தான் பங்காளிகள் பேசாமல் போகிறார்கள்.