குடிசையில் தொடங்கிய ஆஸ்பத்திரி

எங்கள் ஓசூரில் ஒரே தெருவில் நாலு பாஷை கேட்கும். குழாயடியில் தெலுங்கு, காய்கறிக் கடையில் கன்னடம், வீட்டுக்குள் தமிழ். சிப்காட் கம்பெனிகளுக்கு வந்த வடக்கத்திக் குடும்பங்களால் இப்போது இந்தியும். சண்டை போடவும் சமாதானம் ஆகவும் இது ஒரு தடையே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் இடிக்கிறது.

என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் தெலுங்குக்காரர். ஏழு மாசக் கர்ப்பிணியான மருமகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனவர், போன வேகத்தில் திரும்பிவிட்டார்.

"அவங்க கேட்டது இவளுக்குப் புரியல, இவ சொன்னது அவங்களுக்குப் புரியல. படிக்காத ஜனம்னு ஒரு வார்த்தை வேற! இனிமே வரவே மாட்டேங்கறாம்மா" என்றார்.

மறு வாரம் நானே கூடப் போனேன். ரத்தசோகை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சுடுசொல் ஒன்று எத்தனை மாத்திரைகளைத் தடுத்துவிடுகிறது, பாருங்கள்!

அப்போது எனக்கு சிட்லிங்கி ஞாபகம் வந்தது. நம் பழைய தர்மபுரி மாவட்டம்தான். (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்.) அரூர் தாண்டி, கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் இடம். ஒரு காலத்தில் அங்கிருந்து டாக்டரைப் பார்க்க 48 கிலோமீட்டர் போக வேண்டும். ஆபரேஷன் என்றால் 100-க்கும் மேல். ஆயிரம் குழந்தை பிறந்தால் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லையாம். படிக்கும்போதே வயிறு கலங்கியது.

1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் அங்கே குடியேறி, பழங்குடியினர் நல்வாழ்வுக்கென ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார்கள். முதல் ஆஸ்பத்திரி ஒரு சின்னக் குடிசை. கட்டடத்தை விட என்னைக் கவர்ந்தது, அவர்கள் ஆள் எடுத்த விதம்தான். வெளியூரிலிருந்து நர்ஸ்களை வரவழைக்கவில்லை. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். பிரசவ அறையில் கையைப் பிடித்துக்கொள்வது தன் ஊர்ப் பெண் என்றால் வலியே பாதி குறையாதா! ஊர் ஊராக, வயதில் மூத்த பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதது ஒரு குறையாகவே எண்ணப்படவில்லை. மருமகள்களுக்கு அறிவுரை சொல்ல மாமியாரை விடச் செல்வாக்கு யாருக்கு உண்டு? குழந்தை இறப்பு பிற்பாடு 20-ஐ ஒட்டி இறங்கியது.

அதோடும் நிற்கவில்லை. லம்பாடிப் பெண்கள் மறந்துகொண்டிருந்த பூத்தையலை, இரண்டு பாட்டிமார் சொல்லிக் கொடுக்க, 2006-ல் 'போர்கை' என்ற அமைப்பாக மீட்டார்கள். லம்பாடி மொழியில் 'பெருமை' என்று அர்த்தம். கையில் நாலு காசு இருந்தால்தானே தாய்க்கும் பால், முட்டை?

நம் பக்கத்திலும் ஒரு நல்ல காரியம்: 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை மகளிர் குழுப் பெண்களே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள்.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். தேய்த்த கையோடு நின்று கேட்டார்.

"என் வயசுக்காரங்களையா எடுத்தாங்க? எனக்கும் ஏதாச்சும் சொல்லிக் குடுங்களேன்!"

குழந்தைக்குப் பேதியானால் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தண்ணீரில் ஆரம்பித்தேன். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, குழந்தை சோர்ந்தால் உடனே டாக்டர்.

"உப்பு அரையா, ஒண்ணா? இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்று என் அஞ்சறைப் பெட்டி ஸ்பூனைக் கையில் எடுத்துக்கொண்டார்.