ஆள் வைத்துக் கட்டிய அருவி

அருவியைக்கூட ஆள் வைத்துக் கட்ட முடியுமா?

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜெஸ்மண்ட் டீன் என்றொரு பள்ளத்தாக்கு. மர நிழலில் நடந்து, ஓடையைப் பாலத்தில் கடந்து, மறுகரை வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். வழியில், ஒரு காலத்தில் தண்ணீரால் சுழன்ற பழைய மாவு மில் பாழடைந்து நிற்கும். பக்கத்திலேயே சலசலவென்று ஓர் அருவி!

இயற்கை தந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை! தொழிலதிபர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் தன் தோட்டத்தின் அழகுக்காக உருவாக்கியது அது. பிறகு 1883-ல் அந்தத் தோட்டத்தையே ஊர் மக்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று ஒரு செல்வந்தரின் தோட்டம். இன்று யார் வேண்டுமானாலும் காலாற நடக்கலாம்!