தலைமை நில அளவர் பதவி

நிலத்தை அளந்து எல்லை வகுத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. முதலாம் இராசராச சோழன் காலத்தில் நிலங்கள் அளக்கப்பட்ட செய்தியைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. எனினும், ஊர்தோறும் கண்ட அளவுகளை இணைத்து, ஒரு பெருநாட்டின் உண்மை வடிவத்தைக் காணும் பணி பிற்காலத்திலேயே கைகூடிற்று. அப்பணியை முன்னின்று நடத்தியது 'சர்வேயர் ஜெனரல்' எனப்படும் தலைமை நில அளவர் பதவியாகும்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1767-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரென்னல் என்பவரை வங்காளத்தின் தலைமை நில அளவராக அமர்த்தினர். பின்னர்ச் சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் இப்பதவி ஏற்பட்டது. 1815-இல் மூன்றும் ஒன்றாக்கப்பட, காலின் மெக்கன்சி இந்தியா முழுமைக்கும் முதல் தலைமை நில அளவரானார். தென்னாட்டு ஏட்டுச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் அரிதின் முயன்று திரட்டியவரும் இவரே.

இதற்கு முன்னரே தமிழகத்தில் ஓர் அரும்பணி தொடங்கிவிட்டது. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், ஏனைய பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணத்தை அமைக்கலாம். முதற்கோட்டில் பிழை நேரின், அது முக்கோணந்தோறும் தொடர்ந்து செல்லும். வெயிலில் எஃகுச் சங்கிலி நீளுமாதலின், அதனை நிழலில் வைத்தே அளந்தனர்.

கோணம் அளக்கும் தியோடலைட்டு என்னும் கருவி ஏறத்தாழ அரை டன் எடையுடையது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் அதனை ஏற்றுகையில், கயிறு அறுந்து கருவி மோதிச் சிதைந்தது. லாம்ப்டன் மனந்தளராது, கோணலுற்ற வட்டத்தைத் தாமே பல வாரங்கள் உழைத்துச் செப்பனிட்டார். 1823-இல், பணியினிடையே, இங்கன்காட்டில் உயிர் நீத்தார்.

அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அளவையை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். 1830 முதல் 1843 வரை தலைமை நில அளவராகவும் விளங்கினார். அடுத்து வந்த ஆண்ட்ரூ வா, உலகின் மிகவுயர்ந்த சிகரம் 29,002 அடி என 1856-இல் அறிவித்தார். அச்சிகரங்களின் கணக்கில் பெரும் பங்கு கொண்டவர் இராதாநாத் சிக்தார் என்னும் வங்காளி. ஆயினும், 1865-இல் அச்சிகரத்திற்கு எவரெஸ்டின் பெயரே சூட்டப்பட்டது.

இன்று டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நில அளவைத் துறை இப்பதவியின் வழிவந்ததே. காடுகளில் காய்ச்சலுக்கு இரையான அளவர்களும், சங்கிலி பிடித்த ஏவலர்களும் எண்ணிறந்தோர். அவர்தம் பெயர்கள் நிலப்படங்களில் இல்லை. அவர்தம் உழைப்போ ஒவ்வொரு கோட்டிலும் உளது.