பிடிபடுற மாடா... பேர் சொல்ற மாடா?

2015-ம் வருஷம் மே 3-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. சிம்மக்கல்லில் நண்பர் வீட்டு ஹாலில் பத்துப் பேர் டி.வி-யை முறைத்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் அப்போது சனிக்கிழமை ராத்திரி. 'நூற்றாண்டின் சண்டை' என்று தம்பட்டம் அடிக்கப்பட்ட மேவெதர் - பாக்கியாவ் குத்துச்சண்டை! நண்பரின் பெரியப்பாவும் ஒரு ஓரமாக ஈஸி சேரில் சாய்ந்திருந்தார். பாலமேடு பக்கத்து மனிதர். இளவட்ட வயசில் வாடிவாசலில் நின்றவர். வலது விலாவில் அதற்கான ரசீதும் இருக்கிறது.

பன்னிரண்டு ரவுண்டும் முடிந்தது. யாரும் விழவில்லை. மேவெதர் நழுவினார், தட்டினார், கட்டிப்பிடித்தார், மறுபடி நழுவினார். மூன்று நடுவர்களும் அவர் பக்கமே கையைத் தூக்கினார்கள்.

"இதுக்கா விடிஞ்சதுலேர்ந்து உக்காந்திருக்கீங்க?" என்றார் பெரியப்பா. "அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி மோதியிருக்க வேண்டியவய்ங்கப்பா. இப்பப் பல்லைப் பாத்தாலே தெரியுதே, ரெண்டும் வயசான மாடு!"

மனுஷர் குத்துச்சண்டைச் செய்தி எதையும் படித்தவரில்லை. ஆனால், சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. இந்த இரண்டு பேரையும் மோதவிட 2009 கடைசியிலேயே பேச்சுவார்த்தை நடந்தது. ரத்தப் பரிசோதனை எப்போது, எத்தனை தடவை என்பதில் இழுபறியாகி முறிந்தது. அப்புறம் ஆளுக்கொரு காரணம். ஒருவழியாக மேடையேறியபோது மேவெதருக்கு 38 வயசு, பாக்கியாவுக்கு 36. ஆனால், காசு? வீட்டிலிருந்தே பணம் கட்டிப் பார்த்த கணக்கு மட்டும் அமெரிக்காவில் 46 லட்சம். ஒரு இணைப்புக்குக் கிட்டத்தட்ட 100 டாலர். மேவெதர் பாக்கெட்டுக்கு மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் போனது. ஊறப்போட்டதில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஏமாந்தது டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நாங்கள்தான்.

இதில் ஆளைத் திட்டிப் பிரயோஜனமில்லை. கிரிக்கெட்டில் அட்டவணை போட்டுவிட்டால் எதிரே யார் வந்தாலும் ஆடித்தான் ஆகவேண்டும் (பாகிஸ்தான் விவகாரம் வேறு!). தொழில்முறைக் குத்துச்சண்டையில் அந்தக் கட்டாயம் குறைவு. பெரும்பாலும் எதிராளியைப் பேசி முடிப்பதே வீரரும் அவருடைய புரமோட்டரும்தான். கல்யாணத் தரகு மாதிரி. உலக சாம்பியன் பட்டம் கொடுக்கவே நாலு பெரிய அமைப்புகள் இருப்பதால், ஒரே எடையில் நாலு 'உலக சாம்பியன்கள்' ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலே காலம் தள்ளலாம். ஒரு தோல்வி வந்தால் மார்க்கெட் சரியும். அப்புறம் எவன் போய்ப் புலி வாலைப் பிடிப்பான்?

ரிட்டிக் போவ் என்று ஒரு அமெரிக்க ஹெவிவெயிட். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் லெனாக்ஸ் லூயிஸிடம் இரண்டாவது ரவுண்டிலேயே தோற்றவர். 1992-ல் ஹோலிஃபீல்டை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். பட்டம் கொடுத்த அமைப்புகளில் ஒன்று, "அடுத்து லூயிஸோடு மோது" என்றது. போவ் என்ன செய்தார் தெரியுமா? அந்த டிசம்பரில் லண்டனில் நிருபர்களை வரச்சொல்லி, அந்த அமைப்பின் பெல்ட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டார்! பட்டம் லூயிஸுக்குப் போனது. தொழில்முறை மேடையில் அந்த இரண்டு பேரும் கடைசிவரை மோதவே இல்லை.

மேவெதரோ இன்னும் ஒருபடி மேலே போனார். 2017-ல் அவர் எதிரே நின்ற மெக்ரிகர் வேறு வகைச் சண்டையில் கெட்டிக்காரர். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுதான் முதல் நாள். பத்தாவது ரவுண்டில் கதை முடிந்தது. அதற்கும் 43 லட்சம் பேர் பணம் கட்டினார்கள். ஜனங்களே டிக்கெட் எடுக்கும்போது கடினமான ஆளைத் தேடிப் போக அவருக்கென்ன தலையெழுத்தா?

நம்ம ஊர் விஜேந்தரும் இந்தத் தராசில் நின்றவர்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர், 2015-ல் தொழில்முறைக்கு மாறினார். வரிசையாகப் பன்னிரண்டு வெற்றி. 'எதிரே நிற்பவர்கள் எந்தத் தரம்?' என்ற முணுமுணுப்பும் கூடவே வந்தது. 2021-ல் கோவாவில் ரஷ்யாவின் லோப்சான் அந்த வரிசையை முடித்துவைத்தார்.

ரெண்டும் ஒன்றாகவே கிடைத்த காலமும் உண்டு. 1971 மார்ச் 8, நியூயார்க். முகமது அலியும் ஃப்ரேசியரும், தோல்வியே காணாத இரண்டு பேர். ஆளுக்கு 25 லட்சம் டாலர். அலி பதினைந்தாவது ரவுண்டில் கீழே விழுந்து, எழுந்து, தோற்றார். அதே அலி 1980-ல் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் பழைய சிநேகிதர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது, முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அந்த வருஷக் கடைசியில் பெரிய தொகைக்காக லாரி ஹோம்ஸ் எதிரே போய் நின்று அலி வாங்கிய அடியைப் பற்றிப் பேசவே எனக்கு மனசு வரவில்லை.

சரி, லாஸ் வேகாஸும் நியூயார்க்கும் இருக்கட்டும். மதுரைக்காரனுக்கு இந்தக் கணக்கு தை மாசத்திலேயே பாடமாகிவிடும்.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். பொங்கலன்று தொடங்கி அடுத்தடுத்து மூன்று நாள். 2014-ல் சுப்ரீம் கோர்ட் தடை, 2017 ஜனவரியில் மெரினாவிலும் நம்ம தமுக்கத்திலும் திரண்ட கூட்டம், அதே வருஷம் புதுச் சட்டம், 2023 மே மாதம் அதை ஏற்றுக்கொண்டு சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் தீர்ப்பு... எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. விதி இதுதான்: திமிலை மட்டும் பிடிக்கவேண்டும், குறிப்பிட்ட தூரமோ, மூணு துள்ளலோ தாக்குப்பிடித்தால் மாடு பிடிபட்டது. வீரர்கள் கலர் கலர் பனியனில் சுற்றுச் சுற்றாக இறங்குவார்கள். அதிக மாடு பிடித்தவர்கள் கடைசிச் சுற்றுக்குப் போவார்கள். மொத்தக் கணக்கில் முதலாவதாக வருகிறவருக்குக் கார்!

இந்த 'அதிக மாடு' என்ற வார்த்தையில்தான் விவகாரமே இருக்கிறது. வாடிவாசலிலிருந்து நேரே பிய்த்துக்கொண்டு ஓடுகிற மாடும் ஒண்ணு. வாசலிலேயே நின்று, திரும்பித் திரும்பிப் பார்த்து, கிட்ட வந்தவனைக் கொம்பால் அளந்துவிட்டுப் போகிற மாடும் ஒண்ணு. இரண்டுக்கும் கணக்கில் ஒரே மார்க்தான். ஒரு மாட்டின் மதிப்பு என்னவென்று தெரியவேண்டுமா? 2024 அலங்காநல்லூரில் கருப்பாயூரணி கார்த்தி பிடித்தது 18, பூவந்தி அபிசித்தர் பிடித்தது 17. முதலாமவருக்குக் கார்; அடுத்தவருக்கு பைக்.

அதனால் என்ன நடக்கிறது? பேர்போன மாட்டின் பேரை மைக்கில் சொன்னதுமே கவனித்துப் பாருங்கள். முன்னால் நின்ற பனியன்களில் பாதி, வேலிக்கம்பில் தொங்கும்! மைக்காரர் விடமாட்டார். "தொட்டுப் பாரு... தொட்டா தங்கக் காசு... பிடிச்சா பீரோ, கட்டில், சைக்கிள்..." என்று ஏலம் ஏற்றிக்கொண்டே போவார். மாட்டுக்காரரும் பங்குக்கு ரொக்கம் அறிவிப்பார். ம்ஹூம். மாடு நின்று விளையாடிவிட்டு ராஜநடை போட்டுப் போகும். பரிசும் அதன் பின்னாலேயே போகும்.

பெரியவர்கள் சொல்கிற பழைய கதை வேறு. சல்லிக்காசுகளைத் துணியில் முடிந்து மாட்டின் கொம்பிலேயே கட்டிவிடுவார்களாம். அதிலிருந்துதான் ஜல்லிக்கட்டு என்ற பேரே வந்தது என்பார்கள். அப்படியென்றால் காசும் ஆபத்தும் ஒரே கொம்பில் இருந்திருக்கின்றன. பெரிய முடிச்சு வேண்டுமா, பெரிய மாட்டிடம் போ. இன்றைக்குக் கார் மேடையோரம் ரிப்பன் கட்டி நிற்கிறது. மாடு வேறு, காசு வேறு ஆகிவிட்டது. சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' படித்தவர்களுக்கு பிச்சி ஞாபகமிருக்கும். அவன் வந்தது அப்பாவைக் குத்திய காரி என்ற ஒற்றைக் காளைக்காக. எண்ணிக்கைக்காக அல்ல.

அமெரிக்காவில் காளை மேல் ஏறி எட்டு விநாடி உட்காரும் ஒரு விளையாட்டு உண்டு. அதில் மொத்தம் 100 மார்க்; பாதி சவாரி செய்பவனுக்கு, மீதிப் பாதி காளைக்கு! சாதுவான காளை மேல் எத்தனை அழகாக உட்கார்ந்தாலும் மார்க் தேறாது. முக்கியச் சுற்றில் எந்தக் காளை என்று வீரனே தேர்ந்தெடுக்கும் முறையும் உண்டு. அங்கே பயந்தவன் ஜெயிக்க முடியாது. நம்ம ஊரிலும் இப்படி வைத்தால் என்ன? எனக்கு இதில் ரொம்ப ஆசை.

அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு இளைஞரிடம் இதை உற்சாகமாகச் சொன்னேன். பகலில் லோடு ஏற்றுகிற வேலை, சாயங்காலம் வாடிப் பயிற்சி. இடது முழங்கைக்குக் கீழே பதினோரு தையல்.

"அண்ணே, மாட்டுக்கு மார்க் போடுறது யாரு? மாட்டுக்காரருக்கு மச்சானா இருந்தா?" என்றார். எனக்கு வாயடைத்துப்போனது.

அப்புறம் அவரே பேசினார். "ஒரு தடவை பைக் ஜெயிச்சேன்ணே. ஓட்டிக்கூடப் பாக்கல. வித்து அக்கா கல்யாணக் கடனை அடைச்சோம். வேலில தொங்குறாய்ங்கன்னு மேல உக்காந்து சிரிக்கிறீங்க. குத்துப்பட்டு மூணு மாசம் படுத்தா லோடு யாரு ஏத்துறது?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் இல்லை என்னிடம்.

"ஆனா ஒரு மாடுண்ணே..." என்று இழுத்தார். போன தடவை அவர் சுற்றில் வந்த ஒரு செவலையாம். பிடித்திருக்கலாம். திமில் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. அப்போது அவர் கணக்கில் ஒன்பது மாடு இருந்தது. காயம் பட்டால் அத்தோடு வெளியே போகவேண்டியதுதான் என்று கையை இழுத்துக்கொண்டார். கடைசியில் கணக்கும் பத்தவில்லை, பரிசும் இல்லை. "ஊருக்குள்ள ஒரு பயலும் ஒண்ணும் கேக்கல. எங்கப்பா மட்டும், 'செவலை நல்லா விளையாடுச்சுல்ல?'ன்னாரு. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கலைண்ணே."

"வர்ற தையில அந்தச் செவலை மறுபடி வந்தா?"

தையல் தழும்பைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"வரட்டும்ணே. எனக்கு எத்தனாவது மாடா வருதுன்னு பாப்போம்."