எதிர்த்துப் பேசும் வயது

பத்தாம் வகுப்புப் பையன். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரச் சொன்னால் கதவைச் சாத்திக்கொள்கிறான். சலூனுக்குப் போய், இரண்டு காதோரமும் ஒட்ட வழித்து, உச்சியில் மட்டும் கொத்தாக விட்டு வருகிறான். “எல்லாரும் இப்படித்தாம்மா வெட்டியிருக்காங்க.” பெற்றவள் சொன்னால் கேட்காதவன், நாலு பசங்க சொன்னால் மட்டும் எப்படிக் கேட்கிறான்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். வீட்டுப் பேச்சைத் தட்டுவதும் கூட்டாளிகளோடு ஒட்டிக்கொள்வதும் ‘நான் யார்’ என்ற ஒரே தேடலின் இரண்டு பக்கங்கள். அப்பா அம்மா சொன்னதை அப்படியே ஏற்ற காலம் முடிந்துவிட்டது. சொந்தமாக ஒரு முடிவுக்கு வரும் தெம்பு இன்னும் வரவில்லை. நடுவில் காலூன்ற ஓர் இடம் வேண்டும். அந்த இடம்தான் நண்பர் கூட்டம்.

அதன் பிடி எவ்வளவு வலுவானது என்பதை 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நடத்தியவர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிகிறது. இன்னும் கொஞ்சம் போகலாமா, நிறுத்திவிடலாமா? தனியாக ஆடியபோது பதின்வயதினர் ஏறக்குறைய பெரியவர்களைப் போலவே நிதானமாக ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தபோதோ துணிச்சல் கூடியது. பெரியவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், தலைமுடி விஷயத்தில் விட்டுக்கொடுங்கள்; மூன்று பேராகப் பைக்கில் போகும் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

‘அடையாள நெருக்கடி’ என்ற சொல்லை உலகுக்குத் தந்த எரிக் எரிக்சனின் இளமையும் இப்படித் தடுமாறியதுதான். 1902-இல் ஜெர்மனியில் பிறந்தவர். பெற்ற தந்தை யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. வளர்த்தவர் யூதரான குழந்தை மருத்துவர். பையனோ பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருந்தான். யூதப் பிள்ளைகள் அவனை வேற்றாளாகப் பார்த்தார்கள். பள்ளியில் மற்றவர்கள் யூதன் என்று ஒதுக்கினார்கள். மருத்துவம் படி என்றார் வளர்ப்புத் தந்தை. எரிக்சன் படிக்கவில்லை, படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் ஊர் ஊராகத் திரிந்தார். 1927-இல் வியன்னாவில் ஒரு சிறிய பள்ளியில் ஆசிரியரானார். அங்கே அன்னா பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு கற்றார். பட்டம் எதுவும் இல்லாதவர் பின்னாளில் ஹார்வர்டில் பேராசிரியர். 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது ‘எரிக்சன்’ என்ற குடும்பப் பெயரையும் தானே வைத்துக்கொண்டார். அந்தத் திரிந்த வருடங்களை வீண் என்று எழுத எனக்கு மனம் வராது.

எனக்குக் கவலை தருவது, எதிர்த்தே பேசாத பிள்ளை. 1966-இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் இளைஞர்களின் நிலையை நான்காக வகுத்தார். அதில் ஒன்று, எதையும் தேடிப் பார்க்காமலே, பெரியவர்கள் காட்டியதை முடிவாக எடுத்துக்கொள்வது. ‘அப்பா சொன்னாங்க, பயாலஜி குரூப் எடுத்தேன்’ என்பது அதுதான். அந்தப் பிள்ளையை ஊரே மெச்சும். ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி முப்பது வயதில், கல்யாணமும் கடனும் தலைக்குமேல் இருக்கும்போது எழுந்தால் பதில் தேட ஏது அவகாசம்?

பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன் ஒருநாள் பிள்ளையை உட்காரவைத்து, எந்த குரூப் வேண்டும், ஏன் என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.