நாவலப்பிட்டியில் பேசிய சின்னத்துரை

2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி பேசினார். ஏற்கெனவே அறிவித்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் என்றதும் தோட்டத்துச் சனம் கைதட்டியது. கொழும்பில் வெளிநாட்டு விவகாரம் பேச அழைப்பிதழ், குளிரூட்டிய மண்டபம், இடைவேளையில் பீங்கான் கோப்பையில் தேநீர் எல்லாம் வேண்டும். அந்தத் தேயிலையைக் கிள்ளுகிறவர்களுக்கு மட்டும் மைதானமும் ஒலிபெருக்கியும் போதும். 1927 நவம்பரில் காந்தி வந்த காலத்திலிருந்து மலையகத்தின் வழக்கம் அதுதான். அப்படி நடந்த கூட்டங்களில், தேசாதிபதியின் தூக்கத்தையே கெடுத்தது ஒன்று உண்டு.

1937 ஏப்ரல் 3, நாவலப்பிட்டி. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஏறும் கோச்சிக்கு அந்த நாளில் இன்னொரு இன்ஜின் பூட்டுவது இங்கேதான். ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தோட்டம் தனியார் சொத்து. வெளியாள் உள்ளே போனால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் போட்டுத்தான் லயங்களுக்குள் நுழைய முடிந்தது. அதனால் கூட்டம் என்றால் தொழிலாளர்தான் மலையிறங்கி டவுனுக்கு வரவேண்டும். அன்று இரண்டாயிரம் பேர்வரை வந்திருந்தார்கள்.

அழைத்தது லங்கா சமசமாஜக் கட்சி. தொடங்கி ஒன்றரை வயதுகூட ஆகாத கட்சி. அதன் விருந்தாளி கமலாதேவி சட்டோபாத்யாய்: மங்களூரில் பிறந்தவர், 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர், காங்கிரஸ் சோஷலிஸ்ட் தலைவர்களில் ஒருவர். இலங்கை முழுக்க ஊர் ஊராகப் பேசிக்கொண்டு வந்தார். பேச்சாளர் வரிசையில் அன்று பெரிய பெயர் அவருடையதுதான். ஆனால் பொலிஸ் குறிப்பில் அதிகம் இடம்பிடித்தது வேறு ஆள்.

சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேரா எழுந்து, நம்மிடம் ஒரு வெள்ளைக்காரத் தோழர் இருக்கிறார், அவர் பேசுவார் என்று அறிவித்தார். எழுந்து வந்தவர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், 24 வயது இளைஞர். அவுஸ்திரேலியாவிலிருந்து முந்தின வருஷம்தான் கப்பலேறி வந்தவர். மடுல்கெலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரை, அதாவது உதவித் தோட்ட அதிகாரி, வேலை பழக வந்து, தொழிலாளர் பக்கம் சாய்ந்ததால் வேலை போனவர். துரைமார் செய்யும் அநியாயத்தை உள்ளேயிருந்து பார்த்த மனிதர், துரையின் தோலோடு மேடையில் நின்று அதைச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூட்டம் ‘சாமி, சாமி’ என்று கத்தியதாகப் பொலிஸ் எழுதிவைத்தது. அவருடைய முகபாவமும் நின்ற நிலையும் மிரட்டலாக இருந்ததாம். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் அதே நிலையில் துரைமார் நின்றபோது எந்தப் பொலிசும் குறிப்பெடுத்ததாகத் தெரியவில்லை.

தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ் இதை இலேசாக எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். அவர் முன்பு ஹொங்கொங்கில் ஆளுநராக இருந்தவர். 1922இல் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அந்தத் துறைமுகமே முடங்கியதைக் கண்ணால் கண்டவர். நாவலப்பிட்டியில் பேசிய பையனின் பின்னால் அவருக்கு ஹொங்கொங் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 22ஆம் திகதி, 48 மணி நேரத்தில் நாட்டை விட்டுப் போ என்று உத்தரவு வந்தது.

பிரேஸ்கேர்டில் கப்பல் ஏறவில்லை, தலைமறைவானார். மே தின ஊர்வலத்தில் ஸ்டப்ஸை நாடுகடத்து என்ற பதாகை வந்தது. மே 5ஆம் திகதி அரசாங்க சபை தேசாதிபதியின் செயலை 34க்கு 7 என்று கண்டித்தது. அன்றே காலிமுகத்திடல் கூட்ட மேடையில் தேடப்பட்டவர் திடீரென்று தோன்றினார். பொலிஸ் பிடித்தது, ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றம் போனது. வழக்கறிஞர் எச்.வி. பெரேரா வாதாடினார். பேசியதற்காக ஒருவரை நாடுகடத்த முடியாது என்று மே 18ஆம் திகதி தீர்ப்பு. நாவலப்பிட்டியில் சில நிமிடம் பேசியது, ஆறே வாரத்தில் இலங்கைச் சட்ட வரலாற்றில் ஏறிவிட்டது.

இந்தக் கதையைக் கொழும்பில் சொல்கிறவர்கள் தீர்ப்பைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த இரண்டாயிரம் பேர்தான் முக்கியம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மலையிறங்கி வந்து, மங்களூர்ப் பெண்ணையும் அவுஸ்திரேலிய ஆணையும் கேட்ட சனம். தங்கள் கூலியும் குடியிருப்பும் கடலுக்கு அப்பால் தீர்மானமாகின்றன என்று அவர்களுக்கு யாரும் படம் போட்டு விளக்கவேண்டியிருக்கவில்லை. 1939 ஜூலையில் நேரு வந்துபோன கையோடு இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானதும் இதே சனத்தை நம்பித்தான்.

பிறகு 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்துச் சனம் நாடற்ற சனம் ஆனது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மலையகத்தை இந்த அளவுக்குத் தொட்ட சர்வதேச விவகாரம் வேறில்லை. அதற்கு முன்னால் எந்த மைதானத்திலும் அந்தச் சனத்தைக் கூட்டிவைத்து யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அந்த ஒப்பந்தக் கணக்குப்படி ஆட்களை ஏற்றிக்கொண்டு, இந்தியாவுக்குக் கப்பலேற்றத் தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றது. ஹட்டனில் ஏறியவர்களோடு அது நாவலப்பிட்டி வழியாகத்தான் இறங்கியது. இறக்கத்துக்கு இரண்டாவது இன்ஜின் தேவையில்லை.