கிழித்த காகிதத்தில் பிறந்த கதை... 50 வயதை நெருங்கும்போது குழந்தைகளின் எழுத்தாளரான லியோ லியோனி!

பேரப்பிள்ளைகளோடு ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். முதல் பத்து நிமிடம் ஜன்னல் வேடிக்கை. அடுத்த பத்து நிமிடம் பிஸ்கட். அதன்பிறகு சீட் மேல் ஏறுவது, குதிப்பது, சண்டை, அழுகை!

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலேறிய லியோ லியோனிக்கும் அதே கதிதான். கூடவே 5 வயதுப் பேரன், 3 வயதுப் பேத்தி. போக வேண்டிய இடம் கிரீன்விச். சமாளிக்க வழி தெரியாமல் ப்ரீஃப்கேஸைத் திறந்தார். உள்ளே 'லைஃப்' பத்திரிகை இருந்தது. அதிலிருந்த வண்ணப் பக்கத்தை வட்டம் வட்டமாகக் கிழித்து, ப்ரீஃப்கேஸையே மேடையாக்கி, கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நீல வட்டமும் மஞ்சள் வட்டமும் நண்பர்கள். ஒருநாள் ஆசையாகக் கட்டிப்பிடித்ததில் இருவருமே பச்சையாகிவிடுகிறார்கள். வீட்டுக்குப் போனால் பெற்றோருக்கு அடையாளம் தெரியவில்லை. அழுகிறார்கள்... நீலக் கண்ணீரும் மஞ்சள் கண்ணீருமாகக் கரைந்து மீண்டும் பழையபடி ஆகிறார்கள். பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். பெட்டியில் இருந்த பெரியவர்களும் காது கொடுத்துக் கேட்டார்களாம்!

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கதையைப் புத்தக வடிவில் ஒட்டி வைத்தார். பதிப்பகத்தில் இருந்த நண்பர் ஃபேபியோ கோயன் அதைப் பார்த்தார். 1959-ல் 'லிட்டில் ப்ளூ அண்ட் லிட்டில் யெல்லோ' வெளியானது. அப்போது லியோனிக்கு 50 வயதாக ஒரு வருடம்கூட பாக்கியில்லை.

பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம்!

1910-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த லியோனி, இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழகத்தில் படித்தது ஓவியம் அல்ல, பொருளாதாரம். 1935-ல் டாக்டர் பட்டமும் வாங்கினார். முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைக் கொண்டுவந்த பிறகு, யூதத் தந்தைக்குப் பிறந்த அவர் 1939-ல் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஃபிலடெல்ஃபியாவில் விளம்பர நிறுவனத்தில் வேலை. 1948-லிருந்து நியூயார்க்கில் 'ஃபார்ச்சூன்' என்ற பிரபல வணிகப் பத்திரிகையின் ஆர்ட் டைரக்டர். கைநிறைய சம்பளம், ஊரெல்லாம் பெயர்.

அப்படிப்பட்டவர்தான் 1960-களின் தொடக்கத்தில் அந்த வாழ்க்கையை விட்டு இத்தாலிக்குத் திரும்பினார். 1999-ல் மறையும் வரை 40-க்கும் மேற்பட்ட குழந்தைகள் புத்தகங்களை எழுதி, வரைந்தார். அமெரிக்காவில் படப் புத்தகங்களுக்கான கால்டிகாட் விருதின் 'ஹானர்' பட்டியலில் நான்கு முறை அவர் புத்தகங்கள் இடம்பிடித்தன.

பழைய வேலை வீணாகிவிட்டதா? இல்லவே இல்லை. எதை எவ்வளவு பெரிதாக வைக்க வேண்டும், எங்கே காலியாக விட வேண்டும் என்பது பத்திரிகைப் பக்கங்களை வடிவமைத்துப் பழகிய கைக்குத் தெரியும். அந்த முதல் புத்தகத்தில் கண், மூக்கு, வாய் எதுவுமே கிடையாது. கிழித்த காகிதத் துண்டுகள்தான் பாத்திரங்கள். ஆனாலும் எந்தத் துண்டு சோகமாக இருக்கிறது, எது குதூகலமாக இருக்கிறது என்று ஒரு குழந்தையால் சொல்லிவிட முடியும்.

40 டாலரோடு வந்த இளைஞர்

இதில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. 1952-ல் ஜெர்மனியிலிருந்து 40 டாலரும் ஓவியங்கள் அடங்கிய ஃபைலுமாக நியூயார்க் வந்து இறங்கினார் ஓர் இளைஞர். அவருடைய ஓவியங்களைப் பார்த்து, 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் டிசைனர் வேலைக்கு வழிகாட்டியவர் லியோனி. அந்த இளைஞரின் பெயர் எரிக் கார்ல். ஆம், 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' தந்த அதே எரிக் கார்ல்!

அன்று இருவருமே குழந்தைகள் புத்தகத்தில் கைவைத்தவர்கள் இல்லை. கார்லும் பிறகு பல வருடங்கள் விளம்பரத் துறையில் இருந்தார். மீட்டிங், மீட்டிங் என்று ஓடும் வாழ்க்கை அலுத்துப்போய் நிறுவன வேலையை விட்டார். ஆனால், விளம்பரங்களுக்கு வரைந்து கொடுப்பதை விடவில்லை. அப்படி ஒரு விளம்பரத்துக்கு அவர் செய்த சிவப்புச் சிங்கி இறால் படம், கல்வியாளரும் எழுத்தாளருமான பில் மார்ட்டின் கண்ணில் பட்டது. தன் கதைக்குப் படம் போடும்படி கேட்டார். 1967-ல் 'பிரவுன் பேர்' வந்தது.

இரண்டே வருடத்தில் கம்பளிப்புழு வந்துவிட்டது. காகிதக் கட்டில் பஞ்ச் மிஷினால் ஓட்டை போட்டபோது, புத்தகத்தைத் துளைக்கும் புழு ஞாபகம் வந்ததாம் கார்லுக்கு. முதலில் அது 'வில்லி' என்ற சாதாரணப் புழு. கம்பளிப்புழுவாக மாற்றும் யோசனை, எடிட்டர் ஆன் பெனடூசியுடன் பேசும்போது வந்தது. புழுவாகவே விட்டிருந்தால், கடைசிப் பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி ஏது? பக்கங்களில் ஓட்டை போட்டுக் குறைந்த செலவில் அச்சடிக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், ஜப்பானில் அச்சிட்டார்கள். இன்று 60-க்கும் மேற்பட்ட மொழிகளில், 5 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்ற புத்தகம் அது.

"அம்மா, புலிக் கதை சொல்லு!"

லண்டனில் ஜூடித் கெர்ருக்கு நடந்தது வேறு. 1923-ல் பெர்லினில் பிறந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ல் குடும்பத்தோடு தப்பி ஓடியவர். ஓவியம் படித்தார், ஆசிரியராக இருந்தார், பிபிசி-யில் ஸ்கிரிப்ட் பிரிவில் வேலை பார்த்தார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். மிருகக்காட்சி சாலைக்குப் போய் வந்த மகளுக்கு, தேநீர் குடிக்க வீட்டுக்கு வந்த புலியின் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அதை வரைய நேரம் கிடைத்தது. 1968-ல் 'தி டைகர் ஹூ கேம் டு டீ' வெளியானபோது அவருக்கு 45 வயது. 2019-ல், 95 வயதில் மறையும் வரை வரைந்துகொண்டே இருந்தார்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறார் வில்லியம் ஸ்டீக். 'நியூயார்க்கர்' பத்திரிகைக்கு 1930 முதல் கார்ட்டூன் போட்டவர், முதல் குழந்தைகள் புத்தகத்தைக் கொண்டுவந்தது 60 வயதில். நம் வீட்டுப் பிள்ளைகள் டிவி-யில் பார்த்துச் சிரிக்கும் 'ஷ்ரெக்' இருக்கிறதே... அதன் மூலக் கதையை 1990-ல் அவர் வெளியிட்டபோது வயது 80-ஐத் தாண்டிவிட்டது!

வேலையை விட்டுவிடலாமா?

இதைப் படித்துவிட்டு நாளைக்கே ராஜினாமா கடிதம் எழுதத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள். லியோனியின் முதல் புத்தகம் வந்தபோது அவர் சம்பளத்தில்தான் இருந்தார். ஸ்டீக்குக்கு கார்ட்டூன் வருமானம் இருந்தது. கெர்ரின் கணவர் நைஜல் நீல் டிவி எழுத்தாளர். கார்லுக்கு விளம்பர வேலை கை கொடுத்தது. நால்வரில் யாரும் முதல் புத்தகத்தை நம்பி அடுப்பு எரிக்கவில்லை. இதை வயிற்றுப்பாட்டுக் கவலை உள்ளவர்கள் ஏமாற்றமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வேலையில் இருந்துகொண்டே ஆரம்பிக்கலாம் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று... நால்வரில் ஒருவர்கூட, குழந்தைகளுக்குத்தானே என்று அரைகுறையாகச் செய்யவில்லை. புலிக் கதையை வரைந்து முடிக்க கெர்ருக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

எங்கிருந்து தொடங்குவது? ஒரு 'டம்மி' செய்து பாருங்கள். தாள்களை மடித்து அச்சடிக்கும் கணக்குப்படி, படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான். எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் 32 பக்க டம்மி தயார். தலைப்புக்கும் பதிப்பக விவரத்துக்கும் முதல் சில பக்கங்களை விட்டுவிடுங்கள். மிச்சப் பக்கங்களில் எந்தப் பக்கத்தில் என்ன படம், எத்தனை வரி என்று பென்சிலால் கிறுக்குங்கள். ஓவியம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. படம் சொல்லிவிட்ட விஷயத்தை வரியில் திரும்பச் சொல்லாதீர்கள். பக்கத்தைப் புரட்டியதும் ஓர் ஆச்சரியம் காத்திருக்கட்டும்.

முடித்ததும் வீட்டிலிருக்கும் வாண்டுக்குப் படித்துக் காட்டுங்கள். நடுவில் எழுந்து ஓடினால், அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று பொருள். "இன்னொரு தடவை" என்று கேட்டால்... பத்திரமாக எடுத்து வையுங்கள், பதிப்பகத்துக்கு அனுப்பலாம்!